முந்திரிக்கு யார் உறவு?

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் ஆதனக்கோட்டை என்று ஓர் ஊர். முந்திரிப் பருப்புக்குப் பேர்போன ஊர். கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பு எடுப்பவர்கள் பெண்கள். பருப்பு வெள்ளை, அதை எடுத்த விரல்களோ கறுப்பு!

காரணம், முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய். பட்ட இடம் கறுக்கும், கொப்பளிக்கும், தோல் உரியும்.

இதற்கும் தாவர சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு.

ஒரே குடும்பம்

மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டால் உதடு புண்ணாகிறது. முன்பு சலவைத் துணிக்குக் குறி போட்ட சேங்கொட்டையின் சாறு பட்டால் உடம்பு தடித்து வீங்குகிறது. மா, இந்த நாட்டு மரம். முந்திரியோ, 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. ஆனாலும் மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் தோலைப் புண்ணாக்கும் ஒரே இனத்து ரசாயனப் பொருள்கள் இருக்கின்றன.

இப்படிப் பல குடும்பங்கள் சேர்ந்தது ஒரு 'துறை'. முந்திரி சேர்ந்த துறைக்கு 'சபிண்டேல்ஸ்' என்று பெயர். எந்த மரத்தால் வந்த பெயர் தெரியுமா? தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டை மரத்தால்! வாசல் வேம்பு, கோவில் வில்வம், கொல்லைக் கறிவேப்பிலை, எலுமிச்சை, வேலிக் கிளுவை, முடக்கத்தான் கொடி எல்லாம் இந்தத் துறைதான்.

பிரிந்தவை கூடின

1862 முதல் 1883 வரை பெந்தாம், ஹூக்கர் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் வகுத்த முறையே இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. பூவின் அமைப்பைப் பார்த்து வகுத்த முறை அது. அதில் மாவும் முந்திரியும் ஒரு துறை; வேம்பும் எலுமிச்சையும் வேறு துறை. மரபணு ஆராய்ச்சியை வைத்து 1998-ல் உலக விஞ்ஞானிகள் குழு ஒன்று வெளியிட்ட முறையில் இவை எல்லாம் ஒரே துறையில் வந்து சேர்ந்தன.

"இதெல்லாம் பரீட்சைக்கு நெட்டுருப் போடும் பெயர்கள்தானே!" என்பார் சிலர். அது தவறு. உறவு தெரிந்தால் குணம் தெரியும். வேப்பங்கொட்டையின் கசப்பும் எலுமிச்சை விதையின் கசப்பும் ஒரே இனத்துப் பொருள்களால் வருபவை. மாம்பால் ஒத்துக்கொள்ளாத பெண், முந்திரி ஓட்டிடமும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இதை வேலைக்கு உட்காரும் முன்பே அவளுக்குச் சொல்வது இந்தப் பாடம்தான்.

ஆகவே புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் தொடங்கவேண்டாம். பள்ளி வாசல் வேம்பில் தொடங்கி, முந்திரித் தோப்பில் முடிக்கட்டும். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாய்மார்கள் கொட்டை உடைப்பவர்கள் அல்லவா?

வேலை கொடுப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. "கையுறை போட்டால் வேலை ஓடாது" என்று சொல்லித் தட்டிக் கழிக்கக்கூடாது. மெல்லிய ரப்பர் கையுறை தரட்டும். அது வரும்வரை கையில் தடவ ஆமணக்கெண்ணெயாவது தரட்டும். பருப்பின் வெள்ளைக்கு விலை வைப்பவர்கள், விரலின் கறுப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.