போஸ்டரைக் கிழிக்காதீர்கள்

"சினிமாக்காரனைப் பார்த்து உடம்பை வளர்க்கிறானாம், இவன் உருப்படுவானா?" என்று கேட்கிறவர்கள் நம் வயதுக்காரர்களில்தான் அதிகம். கேட்பவர் யார் என்று திரும்பிப் பார்த்தால், 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யை ஏழு தடவை பார்த்துவிட்டு, கையில் கிடைத்த கயிற்றையெல்லாம் சாட்டை மாதிரி சுழற்றிக்கொண்டு தெருவில் அலைந்த ஆளாக இருப்பார். பெயர் சொல்ல மாட்டேன். இதை அவரும் படிப்பார்.

என் கட்சி இதுதான். டாக்டர் பயமுறுத்தி உடற்பயிற்சி ஆரம்பித்தவன் பத்து நாள் செய்வான். மனதுக்குப் பிடித்த ஒருவரைப் பார்த்து ஆரம்பித்தவன் பத்து வருஷம் செய்வான். துறைமுகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ உடம்புகளைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மாறாக நடந்து நான் அதிகம் கண்டதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் தெருக் கோடியில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. வாசலில் மன்றத்தின் போர்டு, உள்ளே எம்.ஜி.ஆர். படம், மண் தரையில் இரண்டு ஜோடி கர்லாக்கட்டை. எடை தூக்க இரும்புக்கு வழியில்லை. பழைய பெயின்ட் டின்னில் சிமென்ட் கலவையை ஊற்றி, நடுவில் கம்பியைச் சொருகிக் காயவைத்ததுதான் எங்கள் எடை. ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருக்கும். தூக்கினால் இடுப்பு கோணும். கம்பு சுற்றக் கற்றுக்கொடுக்க திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஒரு ஆசான் வருவார். காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கும், சார்லஸ் தியேட்டரில் ஒரு டிக்கெட்டும் போதும். அவரும் ரசிகர்தானே!

அங்கே வந்த பையன்களில் பாதிப் பேர் பகலெல்லாம் மூட்டை சுமந்தவர்கள். பலம் அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. ஆனால் சுமை தூக்கிய உடம்பு கூன் விழும், ஒரு தோள் இறங்கும். படத்தில் அந்த மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தாரே, அந்த நடைக்காகத்தான் சாயங்காலம் மறுபடி வியர்வை சிந்தினார்கள். கூலிக்காக வளைந்த முதுகைத் தனக்காக நிமிர்த்துவதை வெறும் சினிமாப் பைத்தியம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அடிபடாத ஆள் அல்ல. 1959-ல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகத்தில் குண்டுமணியைத் தலைக்கு மேல் தூக்கும்போது கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. 1967 ஜனவரி 12-ல் தொண்டையில் குண்டு பாய்ந்தது, குரலே மாறிப்போனது. இரண்டே வருஷத்தில், 1969-ல், 'அடிமைப்பெண்' வந்தது. அப்போது அவருக்கு 52 வயது.

அந்தப் படத்தை நம்மில் பலர் சிங்கச் சண்டைக்காக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். எனக்கு அதன் முதல் பாதிதான் பெரிது. குழந்தையிலிருந்தே நிமிர முடியாத உயரமுள்ள கூண்டில் அடைபட்டு வளர்ந்தவன், கூனிக் குறுகித்தான் நடப்பான். பேச்சும் வராது. ஜெயலலிதா ஏற்ற ஜீவா என்ற பெண்தான் அவனுக்குப் பேசவும் நிமிரவும் சண்டை போடவும் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு ஆண்பிள்ளைக்கு ஒரு பெண் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்ததை 1969-லேயே பார்த்துவிட்டுத்தான், இன்று பேத்தி சிலம்பம் கற்கப் போகிறேன் என்றால் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறோம். நாற்காலியிலும் டிவிக்கு முன்னாலும் உட்கார்ந்தே குறுகிப்போன நாமும் ஒருவகையில் அந்தக் கூண்டில்தானே இருக்கிறோம்?

இதற்கு ஒரு மறுப்பு வரும். போன மாதம் ரோச் பூங்காவில் ஒரு நண்பர் சொன்னார்: "அண்ணாச்சி, நம்ம அப்பன் பாட்டனெல்லாம் எந்த நடிகனைப் பார்த்து உடம்பை வளர்த்தான்? உழைச்சான், உடம்பு வந்துச்சு." உண்மைதான். முத்துக்குளித்தவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கிச் சிப்பி அள்ளினான். அவனுக்கு தண்டால் தேவையில்லை. ஆனால் பெரிய முத்துக்குளிப்பு 1961-லேயே முடிந்துவிட்டது. கப்பல் நடுக்கடலில் நின்று, தோணியில் சரக்கு வந்து, மனிதன் தோளில் ஏறிய காலமும் போய்விட்டது. இன்று கன்டெய்னரை கிரேன் தூக்குகிறது; தூக்குகிறவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறான். உழைப்பு உடம்பை விட்டுப் போய்விட்டது, பரோட்டாவும் மக்ரூனும் போகவில்லை. எங்கள் செட்டில் ஓய்வுபெற்றவர்களில் சர்க்கரை மாத்திரை போடாதவரை எண்ண ஒரு கை விரல் போதும். உழைப்பு விட்டுப்போன இடத்தை ஆசையைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. பாட்டன் கதையைச் சொல்லிப் பேரனை ஒரு பஸ்கி எடுக்க வைக்க முடியுமா? நான் முயன்று பார்த்தேன். அவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டான்.

உலகம் முழுக்க இதே கதைதான். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துப் பக்கம் ஒரு பையன், ஹெர்குலிஸ் படத்தில் ரெக் பார்க் என்ற ஆணழகனைப் பார்த்தான். அவரைப் போல ஆகவேண்டும் என்று இரும்பைத் தூக்கினான். அவன்தான் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர். ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா. பிறகு புரூஸ் லீ வந்தார், தமிழ்நாட்டில் சந்துக்குச் சந்து கராத்தே பள்ளி முளைத்தது. விஜயசாந்தியின் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஓடிய நாட்களில், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா தன் மகளைக் கராத்தேயில் சேர்த்தார். நம்ம ஊரில் பிறந்த சந்திரபாபுவை மறக்கலாமா? அவர் பயில்வான் அல்ல. ஆனால் ரப்பர் மாதிரி விழுந்து எழுந்து ஆடுவாரே, அதைச் செய்து பார்த்துவிட்டு மூச்சு வாங்காமல் நின்றவன் எங்கள் தெருவில் இல்லை.

கெடுதலும் உண்டு, மறைக்கவில்லை. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன் ஒரு தண்டால் எடுத்திருந்தால் அந்தப் பாலாவது அவனுக்கே உதவியிருக்கும். 'சிக்ஸ் பேக்' என்று ஒன்று வந்தது. நடிகருக்கு அது ஒரு ஷாட்டுக்கான வேஷம். பின்னால் பயிற்சியாளர், சமையல்காரர், டாக்டர் என்று ஒரு பட்டாளம். தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்பது பையன்களுக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் வேண்டும் என்று கண்ட பவுடரும் ஊசியும் போட்டுக் கிட்னியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் பெரியவர்கள் அங்கே போய் நிற்க வேண்டும். இடத்தையே பூட்டினால் ஊசி நிற்காது, கண்ணுக்கு மறைவான இடத்துக்குப் போகும்.

இவ்வளவும் எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் பொதுக் கொட்டகை ஒன்று. பழைய நாற்காலிகளும் உடைந்த மேளமும் கிடந்த இடம். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது, கொரோனாவில் வேலையில்லாமல் இருந்த பையன்கள் அதைச் சுத்தம் செய்து மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொப்பை போட்ட கபிலன் கடற்கரையில் மறுபடி உடம்பைத் தேற்றுவானே, அது அவர்களுக்குப் பிடித்துப்போனது. இன்றுவரை தினமும் காலை ஐந்தரைக்கு வருகிறார்கள். முன்பு அதே நேரத்தில் அவர்களில் சிலர் எந்த நிலையில் எங்கே கிடந்தார்கள் என்பது தெருவுக்கே தெரியும். இப்போது சங்கத்தில் ஒரு தீர்மானம் வரப்போகிறதாம்: சுவரில் நடிகர் போஸ்டர் ஒட்டியிருப்பதால் இடத்தைப் பூட்டி, வாகனம் நிறுத்த விடுவது.

போஸ்டர்தான் கண்ணை உறுத்துகிறதென்றால் பக்கத்திலேயே வ.உ.சி. படத்தையும் மாட்டுங்கள். பையன்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், கேட்டுவிட்டேன். வண்டி நிறுத்த வேறு இடமா இல்லை, தெரு முழுக்க அதுதானே நிற்கிறது?

கூட்டம் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு. கையெழுத்து நோட்டு என்னிடம் இருக்கிறது. நேற்று வரை 23 பேர் போட்டிருக்கிறார்கள், அதில் எட்டு பேர் பெண்கள். சாட்டைக்கார நண்பர் இன்னும் போடவில்லை.