மண் கடலுக்குப் போய்விடும் என்று சொன்ன பிள்ளைகள்

இலக்கியக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அறிவியல் புனைவும் மிகுபுனைவும் படிப்பவர்கள் கூடிப் பேசுவது விமர்சனம் ஆகாது, அது ரசிகர் மன்றப் பேச்சு என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணங்களும் வரும். இவர்களுக்குப் பிழை பிடிக்கத் தெரியும், இலக்கியம் பார்க்கத் தெரியாது. பிடித்த எழுத்தாளரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். தரம் தெரியாமல் கும்பலோடு கை தூக்குவார்கள். பேசிக் கலைந்த பிறகு மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. போன மாதம் ஒரு நூல் வெளியீட்டில் மேடையிலிருந்தே இதைச் சொன்னார்கள், அரங்கில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். இருபது வருடமாக இந்த நாவல்களைப் படித்து, நாலுபேரோடு உட்கார்ந்து பேசிவருகிறவன் நான். அன்று வாய் திறக்காமல் வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

பிழை பிடிப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லாரி நிவன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ரிங்வேர்ல்ட்' நாவல் 1970ல் வந்தது. யாரோ ஒரு சூரியனைச் சுற்றி மாபெரும் வளையம் கட்டிவைத்திருக்கிறார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்தான் ஏறக்குறைய அதன் ஆரம். அகலம் 16 லட்சம் கிலோமீட்டர். வளையம் சுழல்வதால் அதன் உட்புறத்தில் நிற்பவர்களுக்கு எடை கிடைக்கிறது. அங்கே கடல் உண்டு, காடு உண்டு, மனிதர்களும் உண்டு. படித்தவர்கள் வாய்பிளந்த கற்பனை அது.

அடுத்த வருடம் பாஸ்டனில் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. மாநாட்டு ஓட்டலின் நடைகளில் எம்.ஐ.டி. மாணவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள்: ரிங்வேர்ல்ட் நிலைக்காது, ரிங்வேர்ல்ட் நிலைக்காது! கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. கெட்டியான ஒரே வளையத்தின் நட்டநடுவில் சூரியன் இருக்கும்வரை எல்லாப் பக்கமும் இழுப்பு சமம். வளையம் இம்மி நகர்ந்தாலும் கிட்டே வந்த பக்கத்தைச் சூரியன் கூடுதலாக இழுக்கும். இழுக்க இழுக்க அது இன்னும் கிட்டே வரும், கடைசியில் போய் மோதும். சனிக்கோளின் வளையம் ஒரே தகடாக இருக்க முடியாது என்று இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1859ல் எழுதியதும் இதே வழியில்தான். புளோரிடாவில் ஒரு பள்ளிக்கூட வகுப்பு இன்னொன்றைக் கண்டுபிடித்தது. மழை அரிக்கிற மேல்மண் கடலுக்குப் போகும். நம் பூமியில் கடலடி நிலம் கோடிக்கணக்கான வருடங்களில் மலையாக எழும்புகிறது. வளையத்தில் அதற்கு வழியில்லை. சில ஆயிரம் வருடங்களில் மண் மொத்தமும் கடலுக்குப் போய்விடும்.

நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு 'தி ரிங்வேர்ல்ட் இன்ஜினியர்ஸ்' எழுதினார். வளையத்தை நிலையில் நிறுத்திவைக்க விளிம்பில் உந்து எந்திரங்கள் இருந்தன, அவற்றைப் பின்னால் வந்த ஒரு கூட்டம் கழற்றிக்கொண்டு போய்விட்டது, வளையம் இப்போது சூரியனை நோக்கி நகர்கிறது என்பதுதான் அதன் கதை. கடலடி வண்டலை உறிஞ்சி விளிம்புக்கு மேலே கொண்டுபோய்க் கொட்டும் குழாய்களும், கொட்டிய மண் குவிந்து எழுந்த மலைகளும் அதில் வருகின்றன. பள்ளிப்பிள்ளைகள் கேட்ட கேள்வி மலையாகவே எழுந்து நிற்கிறது.

இதை இலக்கியம் பார்க்கத் தெரியாதவர்களின் வேலை என்று எப்படிச் சொல்வது? தஞ்சாவூர் நாவலில் காவிரி மேற்கே ஓடினால் நாம் விட்டுவிடுவோமா? எழுதியவருக்கு அந்த ஊர் தெரியாது என்று அடுத்த வரியிலேயே புத்தகத்தை மூடிவிடுவோம். 'ரிங்வேர்ல்ட்' முதல் பதிப்பில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. தன் பிறந்தநாள் இரவை நீட்டிக்க விரும்பும் நாயகன் நள்ளிரவுக்கு அகப்படாமல் கிழக்கே போகிறான். போக வேண்டியது மேற்கே. வாசகர்கள் சொன்னார்கள், அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். நடப்பியல் நாவலுக்கு உலகம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த நாவலாசிரியர் உலகத்தையும் சேர்த்துப் படைக்கிறார். அப்படியானால் அந்த உலகம் நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பதும் வாசிப்பின் வேலை. பிழையைக் கண்டதோடு புத்தகத்தை ஒதுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. வடமொழிச் சொல்லை எண்ணிப் பார்த்து நாவலை ஒதுக்கும் ஆட்களும் நம்மிடம் இருந்தார்களே. அவர்களை வைத்தா தமிழ் விமர்சனத்தை எடைபோட்டோம்?

அடுத்த குற்றச்சாட்டு எழுத்தாளர் வழிபாடு. இதற்கு உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' ஒன்று போதும்.

1969ல் வந்த நாவல். கெதென் என்ற குளிர்க் கோளில் மனிதர்களுக்கு நிலையான பால் கிடையாது. மாதத்தில் சில நாட்கள் மட்டும் உடல் ஆணாகவோ பெண்ணாகவோ மாறும், எதுவாக என்று முன்கூட்டித் தெரியாது. ஒரே ஆள் ஒரு குழந்தைக்குத் தாயாகவும் இன்னொன்றுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். இவர்களையெல்லாம் லெ குவின் 'அவன்' என்று எழுதினார். நாவலைக் கொண்டாடிய அதே வாசகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1971ல் போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் கடுமையாக எழுதினார்: இவர்கள் இருபாலாரும் அல்லர், நடையுடை பாவனையெல்லாம் ஆண்களே என்பது அவர் வாதம். அது வந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு வாசகர் தன் கைப்பட நடத்திய 'எஸ்.எஃப். காமன்ட்ரி' என்ற இதழ். நம் மொழியில் சொன்னால் சிற்றிதழ். லெ குவின் அதிலேயே பதில் எழுதினார்.

அதோடு முடியவில்லை. கெதெனில் நடக்கும் தன் பழைய சிறுகதையான 'வின்டர்ஸ் கிங்'கை 1975 தொகுப்பில் சேர்க்கும்போது எல்லோரையும் 'அவள்' ஆக்கினார், அரசன் போன்ற பட்டங்களை மட்டும் அப்படியே விட்டார். 1976ல் ஒரு கட்டுரையில் தன் 'அவனு'க்கு நியாயம் சொன்னார். பத்து வருடத்துக்கும் மேல் கழித்து அதே கட்டுரையை மறுபடி அச்சிட்டபோது பழைய வரிகளை அழிக்காமல், பக்கத்திலேயே குறிப்பு எழுதித் தன்னையே மறுத்தார். வழிபடுகிற கூட்டத்துக்கு நடுவில் இருக்கும் எழுத்தாளருக்கு இந்த வேலை ஏன் வரப்போகிறது?

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நூலகத்தின் மாடி, மின்விசிறி ஒன்றுதான், கீழே டீக்கடையிலிருந்து தூக்கில் டீ வரும். ஒரு வாரம் லெ குவினின் இந்த நாவலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் எங்களுக்குத் தமிழில் கதை சொன்னார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், வயது இருபத்தைந்து இருக்கும். மூன்றாவது நிமிடம், எஸ்த்ராவென் என்ற கெதென்காரர் வரும் இடத்தில் திணறினார். "எஸ்த்ராவென் வந்தான்… இல்ல, வந்தாள்…" என்று நிறுத்தினார். தமிழில் வினைமுற்றிலேயே பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு வாக்கியம் முடிக்க வேண்டுமானால் முடிவு செய்தாக வேண்டும். எங்களோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உண்டு. "ஏம்மா தவிக்கிற? வந்தார்னு சொல்லு. இங்கிலீஷ்ல இல்லாத வசதி நம்மகிட்ட இருக்கு" என்றார். சரியான யோசனை என்று நாங்களும் நினைத்தோம். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஐயா, சொல்லிப் பார்த்தேன். ஆனா வந்தார்னு சொன்னா எனக்கு மீசை வச்ச ஆள்தான் கண்ணுல வர்றார்."

ஆசிரியர் மறுப்பு ஏதும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா வந்தார்னு எங்க வீட்ல யாரும் சொன்னதில்ல. வந்தாங்கன்னுதான் சொல்லுவோம்" என்றார். அப்புறம் 'வந்தாங்க' எப்படி எல்லோருக்கும் பொருந்துகிறது, எழுத்தில் அது ஏன் வருவதில்லை என்று ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் அந்தப் பெண் மீதிக் கதை முழுவதையும் 'வந்தாங்க, போனாங்க' என்றே சொல்லி முடித்தார். பனிப்பாளத்தின் மேல் இரண்டுபேர் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு போகும் அந்தப் பயணத்தை அவர் சொல்லக் கேட்டபோதுதான், எஸ்த்ராவெனை முகத்தில் ஆண் பெண் எதையும் ஒட்டாமல் எனக்குப் பார்க்க வாய்த்தது. அந்த நாவலை நான் முன்பே இரண்டு தடவை படித்திருந்தேன்.

தரம் தெரியாத கும்பல் என்பதற்கு வருகிறேன். அறிவியல் புனைவின் பெரிய விருதான ஹ்யூகோ 1953ல் தொடங்கியது. நடுவர் குழு கிடையாது, உலக மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்கள் வாக்களிக்கிறார்கள். அவர்கள் எடுத்தவை எவை? வால்ட்டர் மில்லரின் 'எ கேன்டிக்கிள் ஃபார் லைபோவிட்ஸ்', இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்', மேலே சொன்ன லெ குவின். 2015ல் சீனாவின் லியு சிஷின். 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று வருடம் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என். கே. ஜெமிசின். மறுபக்கம், எட்மண்ட் வில்சன் அமெரிக்காவின் முதல்வரிசை விமர்சகர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வளர்ந்தவர்கள் படிக்கத் தக்கதல்ல என்கிற தொனியில் 1956ல் எழுதினார். அதே நூலை ஆடன் போன்ற பெருங்கவிஞர் உயர்த்திப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். படித்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, பிறகு தரம் தெரிந்தவர் யார் என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வது?

1997ல் பிரிட்டனில் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடையும் சேனல் 4 தொலைக்காட்சியும் நடத்திய வாக்கெடுப்பில் இந்த நூல் நூற்றாண்டின் முதல் புத்தகமாக வந்தது. அதை நான் சான்றாகக் காட்ட மாட்டேன். எண்ணிக்கை தரத்தைக் காட்டாது, அதில் மேடைக்காரர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கும்பல் என்றால் ஒரே பக்கம் சாயும் அல்லவா? 1966ல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த தொடர்வரிசை எது என்று ஹ்யூகோ வாசகர்களிடம் கேட்டபோது, டோல்கீன் புகழின் உச்சியில் இருந்தும் அவர்கள் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையை எடுத்தார்கள். 2015ல் ஒரு குழு முன்கூட்டியே பட்டியல் போட்டு மொத்தமாக வாக்களித்துப் பரிந்துரைகளைக் கைப்பற்றியது. உண்மையிலேயே கும்பல் வேலை அது, வெட்கப்பட வேண்டியது. அதற்குப் பதில் சொன்னவர்களும் வாசகர்களே. ஐந்து பிரிவுகளில் 'விருது யாருக்கும் இல்லை' என்று வாக்களித்தார்கள், பிறகு விதியையும் மாற்றினார்கள். நடுவர் குழுக்களின் தவறுகள் இப்படி எல்லோர் கண்முன்னாலும் திருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியாக, பேசிக் கலைந்தபின் மிச்சம் ஒன்றுமில்லை என்பது. இந்த இலக்கியமே அந்த மிச்சத்தில் முளைத்தது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டார். முகவரி பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள், சைக்ளோஸ்டைலில் உருட்டி இதழ் போட்டார்கள். அசிமோவ் கதை எழுதுமுன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய பையன், எந்தக் கதை நன்று, எது சுமார் என்று தரம் பிரித்து எழுதியவர். அவருடைய முதல் கதை 1939ல் வந்தது. எழுத்தாளர் பிராட்பரி அதே வருடம் சொந்தமாக ஒரு வாசகர் இதழ் நடத்தினார். நம் காலத்தில் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் போட்டபோது, அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளை எழுதி அனுப்ப, அவர் திருத்திக்கொண்டே போனார். 2014ல் பதிப்பகம் அச்சிட்டது வாசகர் கை பட்ட அந்தப் பிரதியைத்தான்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஒரு கடிதம். 'அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் 1948 நவம்பரில் ஒரு வாசகரின் கடிதம் வந்தது. அவர் விமர்சித்திருந்தது 1949 நவம்பர் இதழை, அதாவது இன்னும் பிறக்காத இதழை. எந்தக் கதைக்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம் என்று தலைப்பு, ஆசிரியர் பெயர் எல்லாம் போட்டு எழுதியிருந்தார். இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல் அந்த எழுத்தாளர்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு வருடம் கழித்து அந்த இதழ் ஏறக்குறைய அப்படியே வந்தது. ராபர்ட் ஹைன்லைனுக்குக் கடிதத்தில் கிடைத்தது 'கல்ஃப்' என்ற தலைப்பு மட்டும். அதற்குள் என்ன கதை வைப்பது என்று வீட்டில் மனைவி வர்ஜீனியாவோடு யோசித்தார். காட்டில் ஓநாய்கள் வளர்த்த பிள்ளை மாதிரி, செவ்வாய்க்காரர்கள் வளர்த்த மனிதப் பிள்ளை ஒன்று பூமிக்கு வந்தால் எப்படி இருக்கும் என்றார் வர்ஜீனியா. சிறுகதைக்கு அது பெரிய விஷயம் என்று ஹைன்லைன் அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, 'கல்ஃப்' தலைப்புக்கு வேறு கதை எழுதிக் கொடுத்தார். எடுத்துவைத்தது 1961ல் 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' நாவலாக வந்தது. அடுத்த வருடம் வாசகர்கள் அதற்கு ஹ்யூகோ கொடுத்தார்கள்.