சுவை உண்டு, சான்று உண்டா?

எங்கள் பங்கு நூலகத்தில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. நூலை எடுத்துச் சென்று படித்தவர், அதைத் திருப்பித் தரும்போது தம் கருத்தை ஒரு வரியாவது குறிப்பேட்டில் எழுத வேண்டும். அண்மையில் ஒரு மழை நாளில் வரலாற்று நூல்களுக்கும் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கும் உரிய குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தேன். "நாவலைப் போல விறுவிறுப்பாகச் செல்கிறது" என்கிறார் ஒருவர். "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்கிறார் மற்றொருவர். "நம்மவர் பெருமையை உலகறியச் செய்யும் நூல்" என்று ஒருவர் மகிழ்கிறார். "ஆண்டுகளும் அடிக்குறிப்புகளும் சலிப்பூட்டுகின்றன" என்று வேறொருவர் வருந்துகிறார். இப்படிப் பல பக்கங்கள். ஆனால், "இந்த ஆசிரியர் இதை எப்படி அறிந்தார்?" என்று கேட்ட வாசகர் ஒருவரையும் அக்குறிப்பேட்டில் நான் காணவில்லை.

இதைச் சிறு குறை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. சமையலைச் சுவைத்துப் பார்த்துச் சொல்லலாம்; சாட்சியைச் சுவைத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா? வரலாறு எழுதுபவர் ஒரு சாட்சி. அவர் எவரைப் பற்றிச் சாட்சி சொல்கிறாரோ அவர் இறந்தவர். எழுந்து வந்து, "நான் அப்படிச் சொல்லவில்லை, அப்படிச் செய்யவில்லை" என்று மறுக்க அவரால் ஆகாது. அவருக்காகக் கேட்கக்கூடியவர் வாசகர் ஒருவரே. அந்த வாசகரும் சுவையில் மயங்கி வாளாவிருந்தால், இறந்தவருக்கு நீதி கேட்பவர் யார்?

நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டையே சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் வாசகர் வட்டத்தில் வீரமாமுனிவரைப் பற்றிய எளிய வரலாற்று நூல் ஒன்றைப் பற்றிப் பேசினோம். முனிவர் குறுகிய காலத்தில் பாரசீகமும் உருதுவும் கற்றுச் சந்தா சாகிபுவைக் காணச் சென்றதும், அவர் வியந்து முனிவரைத் தம் திவானாக்கி ஊர்களை மானியமாக வழங்கியதும், முனிவர் பரிவாரம் சூழப் பல்லக்கில் பவனி வந்ததும் அந்நூலில் வண்ணமயமாக எழுதப்பட்டிருந்தன. வந்திருந்தோர் அனைவரும் அப்பகுதியையே பாராட்டினர். "இதற்குச் சான்று என்ன?" என்று நான் கேட்டேன். வட்டத்தின் மூத்த உறுப்பினர், என் பெருமதிப்புக்குரிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர், முகம் சிவக்க எழுந்தார். "முனிவரின் புகழைக் குறைப்பதில் உமக்கு என்ன இலாபம்?" என்று கேட்டுவிட்டுக் கூட்டம் முடியுமுன்பே வெளியேறினார். அந்தக் கேள்வி இன்றும் என் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அன்று சொல்ல முடியாத விடையே இக்கட்டுரை.

திவான் கதை எங்கிருந்து வந்தது? புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய முனிவர் வரலாற்றின் வழியாகவே அது பரவியது. பிள்ளை நம் நன்றிக்குரியவர். எல்லிஸ் துரையின் காலத்தில் முனிவரின் ஏடுகளைத் தேடித் தென்னாடெங்கும் அலைந்தவர். ஆனால் அவர் எழுதியபோது முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. முனிவரோடு வாழ்ந்தவர்கள் மறைந்துவிட்ட காலத்தில், மக்கள் வாய்மொழியாக வழங்கிய செய்திகளை அவர் தொகுத்தார். அவர் நூலில் முனிவர் 1742-இல் மணப்பாட்டில் இறந்தார் என்று காணப்படுகிறது. பின்னர் இயேசு சபையின் ஆவணங்களை ஆராய்ந்தோர், அவர் 1747 பிப்ரவரி 4-ஆம் நாள் சேர நாட்டு அம்பலக்காட்டில் உயிர்நீத்தார் என்று கண்டனர். இறந்த ஊரும் ஆண்டுமே மாறிப்போயின என்றால், திவான் பதவியையும் மானிய ஊர்களையும் பற்றிய செய்தியைக் கேள்வியின்றி ஏற்பது எங்ஙனம்? சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியைத் தம் வசமாக்கியது 1736-இல். மராத்தியரிடம் அதை இழந்தது 1741-இல். முனிவர் அவரைச் சந்தித்திருக்கலாம். அவரிடமிருந்து தம் மக்களுக்குப் பாதுகாப்பும் பெற்றிருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தது' என்பதற்கும் இடையே உள்ள தொலைவே வரலாற்றுக்கும் கதைக்கும் இடையே உள்ள தொலைவு.

என் கண்ணில் பட்ட பெரிய இழப்பு இதைவிட வேறானது. முனிவரின் உண்மையான பெருமைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1680-இல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, முப்பது வயதில் இந்திய மண்ணை மிதித்த ஒருவர், 1726-இல் தேம்பாவணியை முடித்தார். 1732-இல் சதுரகராதியைத் தந்தார். எகர ஒகரக் குறில் நெடில்களை எழுத்திலேயே வேறுபடுத்திக் காட்ட வழி வகுத்தவர் என்று அவரை இலக்கண உலகம் போற்றுகிறது. இவை நம் கையில் இருக்கும் சான்றுகள். ஆயினும் அன்றைய கூட்டத்தில் தேம்பாவணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பல்லக்கைப் பற்றியே பேசினோம். பொய்ப் புகழ் செய்யும் தீங்கு இதுவே. அது மெய்ப் புகழின் இருக்கையில் ஏறி அமர்ந்துகொள்கிறது. அந்தத் தமிழாசிரியரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஐயா, முனிவரின் புகழைக் குறைக்க அல்ல, அவருக்கு உரியதை அவருக்கே திருப்பித் தரவே நான் கேட்டேன்.

இது நம் ஊரின் நோய் மட்டுமன்று. இந்திய விடுதலை வரலாற்றை இலட்சக்கணக்கான வாசகர்களிடம் கொண்டு சேர்த்த நூல், லாரி காலின்சும் தொமினிக் லாப்பியேரும் 1975-இல் வெளியிட்ட 'நள்ளிரவில் சுதந்திரம்'. எங்கள் குறிப்பேட்டில் மிகுதியான பாராட்டைப் பெற்ற நூலும் அதுவே. அதன் ஆசிரியர்கள் பலரைக் கண்டு உரையாடியவர்கள், உழைப்பாளிகள். ஆனால் அந்நூலுக்கு முதன்மையான ஊற்று, கடைசி வைசிராய் மவுண்ட்பேட்டனோடு அவர்கள் நடத்திய நீண்ட உரையாடல்களே. 1947 ஜூன் மாதச் செய்தியாளர் கூட்டத்தில் விடுதலை நாள் எது என்று கேட்கப்பட்டபோது, ஜப்பான் பணிந்த நாளின் ஆண்டு நிறைவு நினைவுக்கு வர, ஆகஸ்டு 15 என்று தாம் அக்கணமே அறிவித்ததாக அவர் கூறும் கதையை நாம் அனைவரும் சுவைத்துப் படித்திருக்கிறோம். அது நடந்தபடியே இருக்கலாம். ஆயினும் அது, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின், தம் செயல்களை வரலாறு எப்படி மதிப்பிடும் என்ற கவலை கொண்ட முதியவர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. பிரிவினையின் கோரத்தில் அவருடைய அவசரத்துக்குப் பங்கு உண்டா என்பது இன்றளவும் வழக்காடப்படும் கேள்வி. அவ்வழக்கில் எதிர்வாதியின் வாக்குமூலத்தையே தீர்ப்பு என்று படித்துவிட்டு, "அருமையான நடை" என்று குறிப்பெழுதி வைக்கலாமா?

இங்கே மற்றொரு சாராரையும் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. புகழ்ச்சியெல்லாம் பொய், இகழ்ச்சியெல்லாம் மெய் என்று நம்பும் வாசகர்கள் உண்டு. பெரியவர் ஒருவரின் சிறுமையை எடுத்துக்காட்டும் நூலைக் கண்டால், "துணிவான நூல்" என்று அவர்கள் மெய்ம்மறந்து பாராட்டுவர். இங்கிலாந்தில் லிட்டன் ஸ்ட்ரேச்சி 1918-இல் வெளியிட்ட நூல் இத்தகைய எழுத்துக்கு வழிகாட்டி. கர்தினால் மேனிங், பிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஆசிரியர் ஆர்னால்டு, தளபதி கார்டன் ஆகிய நால்வரின் திருவுருவங்களை அவர் தம் கூரிய நகையால் உடைத்தார். அதில் ஆர்னால்டின் கால்கள் உடலுக்கு ஏற்ற நீளம் இல்லாதவை என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதற்கு எந்தச் சான்றும் கிடையாது. நகைப்புக்காகச் சேர்க்கப்பட்ட அவ்வரியை நம்பியவர்கள், பல்லக்குக் கதையை நம்பிய நம்மைவிட அறிவாளிகள் அல்லர். பொய்யான புகழும் பொய்ச்சான்று, பொய்யான பழியும் பொய்ச்சான்று. எட்டாம் கட்டளை இரண்டையும் ஒருசேரத் தடுக்கிறது.

"புனிதர் வரலாற்றையும் மறைப்பணியாளர் வரலாற்றையும் இப்படித் துருவினால் எளியோரின் பக்தி குலையாதா?" என்று அஞ்சுவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் திருச்சபையின் வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். புனிதர்களைப் பற்றிய ஏடுகளைத் திரட்டி, மெய்யையும் கட்டுக்கதையையும் பிரித்துக் காணும் பெரும்பணியை 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர்கள் இயேசு சபையாரே. அவ்வரிசையின் முதல் தொகுதிகளைப் பொல்லாந்து அடிகளார் 1643-இல் வெளியிட்டார். அவர் வழிவந்த பாப்பெபுரோக் அடிகளார், கார்மேல் சபையை நிறுவியவர் இறைவாக்கினர் எலியாவே என்னும் மரபுக்குச் சான்று இல்லை என்று எழுதியபோது பெரும் புயல் எழுந்தது. 1695-இல் இசுபானிய விசாரணை மன்றம் 14 தொகுதிகளைத் தடைசெய்தது. 1715-இல் அத்தடை நீங்கியபோது அவர் உயிரோடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அன்று சினந்தெழுந்தவர்களும் பக்தியின் பெயராலேயே சினந்தார்கள். ஆனால் திருச்சபை சென்ற வழி அவருடைய வழியே. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1881-இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். வரலாற்றாசிரியன் பொய் சொல்லத் துணியலாகாது, மெய் சொல்ல அஞ்சலாகாது என்னும் பழைய நெறியை 1883-இல் தம் மடலில் நினைவூட்டினார். நற்செய்தியாளர் லூக்காவும் தம் நூலின் தொடக்கத்திலேயே, கண்ணால் கண்டவர்களின் சொல்லை ஆதாரமாகக் கொண்டு அனைத்தையும் ஆராய்ந்து எழுதுவதாகத் தெயோபிலுக்குச் சொல்லவில்லையா? சான்று கேட்பது நம்பிக்கைக்குப் பகையாயின், அவர் அந்த முன்னுரையை எழுதியிருக்கத் தேவையில்லை.

"நாங்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்லரே, பொழுதுபோகப் படிப்பவர்கள்தானே" என்று சிலர் சொல்லக்கூடும். இதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுத்தறியாத பாட்டிகூடச் சாட்சியைப் பார்த்து, "நீ கண்ணால் கண்டாயா, காதால் கேட்டாயா?" என்றுதான் முதலில் கேட்பாள். அடுத்து, "யார் சொல்லிக் கேட்டாய்?" என்பாள். மூன்றாவதாக, "சொன்னவனுக்கு இதில் என்ன ஆதாயம்?" என்பாள். வரப்புத் தகராற்றுக்கு நாம் கேட்கும் இந்த மூன்று கேள்விகளையும், ஒரு மனிதரின் முழு வாழ்வைச் சொல்லும் நூலிடம் கேட்க மறுப்பது ஏன்?

சான்று காட்டும் நூல் சுவையற்றதாகத்தான் இருக்கும் என்பதும் வீண் பேச்சு. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். தாம் நேரில் கண்டதையும், பிறரிடம் கேட்டு அறிந்ததையும், கடிதங்களையும் தனிப்பாடல்களையும் கொண்டு அதை எழுதினார். தெய்வமாகப் போற்றிய ஆசிரியரின் வறுமையையும் கடன்தொல்லையையும் அவர் மறைக்கவில்லை. அதனால் பிள்ளையவர்களின் பெருமை குறைந்ததா? அந்தச் சைவப் பெரும்புலவர், கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையோடு கொண்ட நட்பையும், அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியதையும் அந்நூலில் படிக்கும்போது, இட்டுக்கட்டிய எந்தப் பல்லக்கும் தராத நிறைவு உள்ளத்தில் எழுகிறது. எங்கள் குறிப்பேட்டில் அந்நூலுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "மிகவும் நீளம்" என்பது அது.

வாசகர் கருத்து வலிமையற்றது என்று எவரும் எண்ண வேண்டாம். நாம் எதைப் பாராட்டுகிறோமோ அதையே பதிப்பகத்தார் மீண்டும் அச்சிடுகின்றனர். எழுத்தாளர் மீண்டும் எழுதுகின்றனர். அடிக்குறிப்பு சலிப்பூட்டுகிறது என்று நாம் சொல்லிச் சொல்லியே அடிக்குறிப்பு இல்லாத நூல்களைப் பெற்றோம். அத்தகைய நூல்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் இன்று கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப்போட்டி மேடைவரை வந்துவிட்டன. அப்பிள்ளைகள் முழங்கும் பொய்யில் நம் பாராட்டுக்கும் பங்கு உண்டு.

அன்று கோபித்துச் சென்ற தமிழாசிரியர் அதன்பின் வட்டத்துக்கு வரவில்லை. அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்கவும், என் கேள்வியை மீண்டும் ஒருமுறை பணிவோடு கேட்கவும் எண்ணியுள்ளேன். அதற்கு முன் குறிப்பேட்டில் ஒரு வேலை செய்தேன். முனிவர் வரலாற்று நூலுக்குரிய பக்கத்தில், வாசகர்களின் பாராட்டுகளுக்குக் கீழே, இப்படி எழுதி வைத்தேன்: "நடை நன்று. திவான் செய்திக்கு ஆசிரியர் சான்று காட்டவில்லை. தேம்பாவணி மூன்றாவது அடுக்கில் இருக்கிறது."