எந்த விலங்கின் இறைச்சி?

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் வந்த ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சி சென்னை எழும்பூரில் பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, ஆகவே நாய்க்கறி என்றார்கள். அது ஆட்டிறைச்சியே எனச் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு உறுதி செய்யச் சில நாட்கள் பிடித்தன. அதற்குள் வதந்தி கைப்பேசிகளில் பரவி, பிரியாணிக் கடைக்காரர்களைப் படாத பாடு படுத்திவிட்டது. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அவ்வாறு விசாரிப்பதற்கான கருவியும் இன்று இருக்கிறது.

கொத்தி மசாலா சேர்த்துவிட்டால் எந்தக் கறியென்று கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது, டி.என்.ஏ. காட்டிக்கொடுத்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒவ்வோர் உயிரணுவிலும் ஏராளமான பிரதிகளாக இருப்பதால், வேகவைத்த பிறகும் படித்தறியத்தக்க துண்டுகள் எஞ்சும். 'லேம்ப்' என்னும் விரைவு முறையில் ஏறத்தாழ 65 டிகிரி வெப்பத்தை ஒரே சீராக வைத்திருந்தால் போதும். ஒரு மணி நேர அளவில் விடை கிடைக்கும்.

ஆனால் விடையைப் படிக்கவும் அறிவு வேண்டும். 2013இல் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்த 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 23இல் பன்றியின் டி.என்.ஏ. இருந்தது, பெரும்பாலும் மிகச் சொற்ப அளவில். 10இல் குதிரையின் டி.என்.ஏ. இருந்தது, அவற்றுள் ஒன்றில் 29 விழுக்காடு. பிந்தியது கலப்படம். முந்தியது கழுவாத கத்தியிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ ஒட்டியதாகவும் இருக்கலாம். நமக்கு அதுவும் சிறிய விஷயமல்ல. எனினும் இரண்டையும் ஒரே குற்றமாகப் பேசுவது நீதியாகாது.

இன்னொன்று. இச்சோதனை ஆடு என்று சொல்லும். அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்கப்பட்டதா என்று சொல்லாது. தானாகச் செத்த ஆட்டுக்கும் ஆட்டின் டி.என்.ஏ.தான். ஆகவே சோதனைச் சீட்டை ஹலால் சான்றாக விற்க முன்வருவோரை நாம் நம்ப வேண்டியதில்லை.

நெட்டப்பாக்கம் போன்ற ஊர்களில் கண்ணெதிரே அறுத்துத் தரும் கடைக்காரரைச் சோதனைக்கு இழுப்பது வீண். உறையிலிட்டு வரும் சாசேஜ், கபாப், உறைந்த கொத்துக்கறி ஆகியவையே நம் கவலை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி தருகிறது. பொருள் சட்டத்துக்கு முரணாக இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கைக்கோ 14 நாட்கள் வரை அவகாசம் உண்டு. வதந்திக்கு அத்தனை நாள் தேவையில்லை. விரைவுச் சோதனையைப் புதுவையிலேயே செய்ய வசதி வேண்டுமென்று பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் ஜமாஅத்துகள் சேர்ந்து அரசிடம் மனு கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ். கடைக்காரர்களையும் அதில் கையெழுத்திடச் சொல்வோம்; வதந்தியால் முதலில் நட்டப்படுபவர்கள் அவர்கள்தாம்.