அந்த 10 ஜிகாபிட் யாருக்கு?

போன வாரம் லேபில் ஒரே ரகளை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் போர்டில் யு.எஸ்.பி.-சி வழியாக 4கே வீடியோ வெளியே வரணும். போர்டில் ஓடி வருவதற்குள் சிக்னல் களைத்துப்போய்விடும். அதை கனெக்டருக்குப் பக்கத்தில் வைத்துத் தூக்கிவிடத்தான் ரீட்ரைவர் சிப். எதை வாங்குவது என்பதில்தான் அடிதடி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.யு.எஸ்.பி.1046-ஆ, விலை குறைந்த டி.யு.எஸ்.பி.546-ஆ? "விலை கூடினதை வாங்கினா சேஃப்டா" என்று மொத்த கும்பலும் ஒரு பக்கம். நான் மட்டும் தனிக்கட்சி.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தையாவது படிங்க சாமிகளா! 1046-ல் யு.எஸ்.பி. 10 ஜிகாபிட் வரை போகும், 546-ல் 5 வரை. வீடியோவுக்கு? டிஸ்பிளேபோர்ட் லேன் ஒன்றுக்கு ரெண்டிலுமே 8.1 ஜிகாபிட்தான்.

கணக்குக்கு வருவோம். 60 ஹெர்ட்ஸ் 4கே-வுக்கு நொடிக்கு சுமார் 12.5 ஜிகாபிட் வேணும். லேனுக்கு 5.4 வீதம் நாலு லேனில் 21.6. எட்டு பிட்டைப் பத்தாக்கி அனுப்புவதில் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 17.28 மிச்சம். தாராளம். ஆனால் நாலு லேனையும் வீடியோவே எடுத்துக்கொண்டால் யு.எஸ்.பி. 3-க்கு அந்த கேபிளில் இடமே கிடையாது. பழைய யு.எஸ்.பி. 2.0 மட்டும் தனி ஒயரில் ஓடும். அப்போ காசு கொடுத்து வாங்கும் 10 ஜிகாபிட் யாருக்கு? போதாக்குறைக்கு எங்கள் பிராசஸரின் யு.எஸ்.பி.யே 5 ஜிகாபிட்தான்!

"மலிவு சிப்னா படம் விட்டு விட்டு வரும்" என்கிறார்கள். ரீட்ரைவர் ஒரு அனலாக் பெருக்கி. சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ட்ரேஸைக் கோணல்மாணலாக இழுத்து, ஜோடியில் ஒன்றை நீளமாக விட்டால் எந்த விலை சிப்பும் காப்பாற்றாது. க்ளாக்கை மீட்டு சிக்னலைப் புதுசாக அனுப்புவது ரீடைமர். அது வேறு ரகம், வேறு விலை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இன்னும் மலிவு தேடிப் போய் லிமிட்டிங் ரக ரீட்ரைவரில் விழக்கூடாது. லிங்க் ட்ரெயினிங்கின்போது மானிட்டர் 'வோல்டேஜைக் கூட்டு, ப்ரீ-எம்ஃபசிஸை மாற்று' என்று கேட்கும், பிராசஸரும் மாற்றும். நடுவில் நிற்கும் லிமிட்டிங் சிப் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி அனுப்பிவிட்டால் மானிட்டருக்கு மாற்றம் எப்படித் தெரியும்? லினியர் சிப்பில் இந்த வம்பு இல்லை. 546 லினியர்தான்.

மிச்சமாகும் காசில் இம்பிடன்ஸ் கன்ட்ரோலோடு போர்டு அடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை ஆர்டர் போடணும். அதுவரை திட்டறவங்க திட்டலாம், டேட்டாஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு :-)