ஒரு தந்தை, இரு மகன்கள்

இறைவன் கேட்டான் என்பதற்காகப் பெற்ற மகனையே பலியிடத் துணிந்தவர் ஆபிரகாம், முஸ்லிம்களுக்கு இப்ராஹிம். எந்த மகன் என்பதில்தான் பேதம். ஈசாக்கு என்கிறது யூத வேதம். கிறிஸ்தவர்களுக்கும் அவரே, அந்தப் பலியில் அவர்கள் காண்பது சிலுவையின் முன்னறிவிப்பு. குர்ஆன் அந்த மகனின் பெயரைச் சொல்வதில்லை. இஸ்மாயில் என்பது பெரும்பாலான முஸ்லிம்களின் நம்பிக்கை. பக்ரீத் அந்தத் தியாகத்தின் நினைவு. மூன்று மதங்களிலும் மகன் பிழைத்துவிடுகிறான்.

ஆபிரகாமின் கல்லறை இருப்பதாகக் கருதப்படும் ஹெப்ரானில் வாரிசுகள் பிழைக்கவில்லை. 1929ல் அந்நகரில் யூதர்கள் 67 பேர் கொல்லப்பட்டனர். 1994 பிப்ரவரி 25, ரமலான் மாத அதிகாலைத் தொழுகையில் யூதத் தீவிரவாதி ஒருவன் சுட்டதில் முஸ்லிம்கள் 29 பேர் மாண்டனர். அதன்பின் கல்லறைக் கட்டடம் பங்கு பிரிக்கப்பட்டது: ஒரு பக்கம் மசூதி, மறுபக்கம் யூத வழிபாட்டுக்கூடம். ஆண்டில் 10 நாட்கள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு. வேறு 10 நாட்கள் முஸ்லிம்களுக்கு. இருவரும் சேர்ந்து நிற்க ஒரு நாளும் இல்லை.

ஆபிரகாமை அந்தக் குகையில் அடக்கம் செய்தவர்கள் யார் என்பதை ஆதியாகமம் தெளிவாகச் சொல்கிறது. ஈசாக்கும் இஸ்மாயிலும், சேர்ந்தே.