வெயில் வாசலோடு நிற்பதில்லை

சித்திரை பிறந்துவிட்டால் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அறிவுரை வருகிறது: பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெளியே தலைகாட்டாதீர்கள். தொலைக்காட்சி சொல்கிறது, மாவட்ட நிர்வாகத்தின் செய்திக்குறிப்பு சொல்கிறது, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் சொல்கிறான். “வெயில்ல எங்கயும் போயிடாதம்மா, வீட்டுக்குள்ளயே இரு.” அம்மாவும், “நான் எங்கப்பா போறேன், வீட்லதான இருக்கேன்” என்கிறார். இரண்டு பேருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

வெயிலில் இறங்காதே என்பது சரியான சொல். சாலை போடுகிறவருக்கும், கட்டட வேலைக்குச் சித்தாள் போகிறவருக்கும் அந்த மூன்று மணி நேர ஓய்வு உயிரைக் காக்கும். அதைச் சட்டமாக்கினாலும் தகும். ஆனால் அந்தச் சொல்லோடு நாமாக ஒன்றை ஒட்டவைத்திருக்கிறோம். வெயில் வெளியேதான் இருக்கிறது, வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்பது அது. அது பொய். உயிரைக் குடிக்கிற பொய்.

2021 ஜூன் கடைசி வாரத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை அனல் தாக்கியது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த மாகாணத்தில் வெப்பத்தால் இறந்தவர்கள் 619 பேர் என்று மரண விசாரணை அதிகாரிகள் ஒவ்வொரு சாவாக ஆராய்ந்து கணக்கெடுத்தார்கள். அந்த 619 பேரில் நூற்றுக்கு 98 பேருக்குச் சாவு நேர்ந்தது கட்டடத்துக்குள். வயலிலோ சாலையிலோ மயங்கி விழுந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் வயதானவர்கள், பாதிக்கு மேற்பட்டோர் தனியாகக் குடியிருந்தவர்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் இதே கதைதான். யாருக்கு ஆபத்து அதிகமாக இருந்தது என்று பிறகு ஆராய்ந்தபோது தனியாக வாழ்ந்தவர்களும், படுக்கையோடு கிடந்தவர்களும், கட்டடத்தின் மேல்தளத்தில் குடியிருந்தவர்களும் முன்னால் வந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் போனார்கள். அங்கும் கூரைக்கு நேர் கீழே வசித்த முதியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

“அதெல்லாம் குளிர் நாட்டுக்காரங்க கதை, நமக்கு வெயில் பழக்கம்தானே” என்று உடனே ஒரு பதில் வரும். அகமதாபாத் மக்களுக்கு வெயில் பழக்கமில்லையா? 2010 மே மாதம் அந்த ஊரில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேல் கூடுதலாகச் சாவு விழுந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. பழக்கம் என்பதற்கும் எல்லை உண்டு. வியர்வை சுரப்பதும், தோலுக்கு இரத்தம் அதிகமாக ஓடுவதும்தான் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழிகள். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும், வலுவுள்ள இதயம் வேண்டும், வியர்வையை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமும் வேண்டும். எழுபது வயதில் தாகமும் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைந்துபோகும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உடம்பு இன்னும் சீக்கிரம் வற்றும். எழுபது கோடையைப் பார்த்தவர் என்பதால் எழுபத்தோராவது கோடை அவரை விட்டுவிடாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் நகரங்களில் பெரும்பாலான வீடுகளின் கூரை நாலைந்து அங்குலக் கான்கிரீட். காலை எட்டு மணிக்கே அதில் வெயில் ஏறத் தொடங்குகிறது. மதியம் மொட்டைமாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆனால் அந்தச் சூடு உடனே கீழே வருவதில்லை. கான்கிரீட் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் இறக்குகிறது. அதனால் வெளியே வெயில் தாழ்ந்து கடல் காற்று வீசும் ஐந்து, ஆறு மணிக்குத்தான் மேல்மாடி வீட்டுக்குள் வெக்கை உச்சத்துக்குப் போகிறது. இரவு பத்து மணிக்குக் கட்டிலில் மல்லாந்து படுத்தால் முகத்தில் அனல் இறங்குவது தெரியும். மேற்குச் சுவரில் கையை வைத்தால் சுடும். குழாயைத் திறந்தால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வெந்நீர் வரும். தெருவில் நிற்பவருக்குக் காற்று கிடைக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர் வெந்துகொண்டிருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தகர ஷீட்டும் வேறு மாதிரி: அவை இரவில் சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் பகல் முழுக்க உள்ளே உட்கார முடியாது. அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவரிடம் மதியம் வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்வது கொடுமை.

மின்விசிறி இருக்கிறதே என்பார்கள். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையைக் காய வைத்து உடம்பைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். அறைக் காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. மேல்மாடி அறையில் அது கூரையை ஒட்டி நிற்கும் சூட்டுக் காற்றைத்தான் நம் மேல் தள்ளுகிறது. வியர்வை குறைந்துபோன ஒரு பாட்டிக்கு, ஜன்னல் மூடிய அறையில், அதனால் எவ்வளவு பயன்? ஏசி உண்மையிலேயே காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் அது நம் அறைச் சூட்டை எடுத்துப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே கொட்டுகிறது. வாங்க முடிந்தவர் தப்பிக்கிறார். வாங்க முடியாதவரின் அறை இன்னும் சூடாகிறது.

வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், வீட்டுக்குள் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை யார் தலையில் விடிகிறது என்பது புரியும். முதியவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நடமாட முடியாதவர்கள். பிறகு, வீட்டையே பட்டறையாக வைத்திருக்கும் பெண்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் அக்காமார்களைப் பாருங்கள். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும். காற்றடித்தால் தூள் பறந்துவிடும் என்பதால் மின்விசிறியைப் போடவே யோசிப்பார்கள். தூள் சிந்தினால் அவர்கள் கூலியில்தான் கை வைப்பார்கள். குனிந்த தலை நிமிராமல் மதியம் முழுக்க அந்த வெக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். “வீட்லதான இருக்கா” என்று ஊர் சொல்கிறது. தையல் மெஷினில் உட்காருகிறவர், அப்பளம் போடுகிறவர், மாவு ஆட்டி விற்கிறவர் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். எந்தத் தொழிலாளர் பாதுகாப்பு அறிவிப்பும் அவர்களைத் தேடி வருவதில்லை, அவர்கள் வெயிலில் நிற்கவில்லையே!

சமையலறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்பு அணைந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறிக்கு இடமே வைக்காமல் கட்டிய எட்டடி அறையில், குக்கர் ஆவிக்கு நடுவே ஒரு பெண் காலையும் மாலையும் நிற்கிறாள். அங்கே என்ன டிகிரி என்று எந்த வானிலை நிலையமும் அளப்பதில்லை. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், நிழலில், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டுவதுதான் நாம் செய்தியில் கேட்கும் எண். நம் வீட்டுக்குள் இருக்கும் சூட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அரசு வைத்திருக்கும் அளவுகோலிலும் இதே கோளாறு. இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியையும் கடற்கரையில் 37 டிகிரியையும் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினாலோ, நேராக 45 டிகிரியைத் தொட்டாலோதான் வெப்ப அலை என்று அறிவிக்கிறது. இரவு வெக்கைக்கும் ஒரு வரையறை உண்டு; ஆனால் பகல் உச்சம் 40-ஐத் தொட்டிருந்தால்தான் அந்த இரவு கணக்கில் வரும். சென்னையிலோ கடலூரிலோ பகலில் 38 அடித்து, இரவு 29-க்குக் கீழே இறங்காமல், காற்றில் ஈரம் பிசுபிசுத்து, துணியெல்லாம் உடம்போடு ஒட்டினாலும் அது சாதாரண நாள்தான். ஓய்வு இல்லாமல் இரவெல்லாம் இதயம் உழைக்கிறது. மறுநாள் பகல் அதன் மேல் ஏறுகிறது. வீட்டுக்குள் இருக்கும் முதியவரை வெப்பம் இப்படித்தான் வீழ்த்தும், இரண்டு மூன்று நாளில், சத்தமில்லாமல். முதலில் சோர்வு, பிறகு சாப்பாடு வேண்டாம் என்பார், பிறகு முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார். “வயசாயிடுச்சுல்ல” என்று விட்டுவிடுவோம். அந்த நேரத்தில் அது வயது அல்ல. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருக்கலாம். காய்ச்சல் மாத்திரை அதைக் குறைக்காது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

நம் தாத்தா பாட்டி ஏசி இல்லாமல் வாழவில்லையா என்று கேட்பவர்கள், அவர்கள் எந்த வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதை மறக்கிறார்கள். நாட்டு ஓட்டுக்கு இடையில் காற்று போகும், முற்றம் சூட்டை மேலே விடும், ராத்திரி திண்ணையிலோ வாசலில் கயிற்றுக் கட்டிலிலோ படுக்கலாம். இன்றைய வாடகைக்காரருக்கு மொட்டைமாடிச் சாவியே கிடையாது. அது வீட்டுக்காரரிடம் இருக்கிறது. குடிசைக்குத் திரும்பலாம் என்று நான் சொல்லவில்லை. தீயிலும் மழையிலும் பட்ட பாடு போதும். 2010-இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2011-இல் வந்த 300 சதுர அடிப் பசுமை வீடும், 2024-இல் வந்த 360 சதுர அடிக் கனவு இல்லமும் ஏழைகளுக்கு உறுதியான கூரையைத் தந்திருக்கின்றன. அந்தக் கூரை வெயிலையும் தாங்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்கள் தலைமுறையாகச் செய்த வேலை. செலவு மிச்சம் என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால்கூட மேல்தளம் வாங்கும் சூடு கணிசமாகக் குறையும். தெலங்கானா 2023-இல் இப்படிச் சூட்டைக் குறைக்கும் குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்து, அரசுக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கேயும் கட்டட அனுமதியில் கூரைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்வி இருக்க வேண்டும். வாடகைக்கு விடும் மேல்மாடிக்கு அது கட்டாயமாக வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் மே மாத இரவில் மேல்மாடி அறையில் தூக்கத்திலேயே போன பெரியவரின் சாவு மாரடைப்பு என்றுதான் பதிவாகும். பிரேதப் பரிசோதனை இருக்காது. அறை எவ்வளவு சூடாக இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள், குடும்பத்துக்கும் சந்தேகம் வராது. கனடாவில் 619 என்ற எண் கிடைத்தது, அந்த வீடுகளுக்குள் போய் விசாரித்ததால்தான். இங்கேயும் கோடையில் வீட்டில் நேரும் ஒவ்வொரு முதியவர் சாவிலும் கிராம நிர்வாக அலுவலரோ சுகாதார ஆய்வாளரோ நான்கு கேள்வி கேட்டு எழுதி வைக்கட்டும்: கூரை எது, எந்த மாடி, ஜன்னல் திறக்குமா, தனியாக இருந்தாரா.